வெளிநாட்டு டிரஸ்டில் போட்டுவிட்டால் யாரும் தொட முடியாதாமே, எங்கே இடிக்கிறது?

பட்டறைக்காரன்

வணக்கம். இயந்திர உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். நிறுவனம் வாங்கிய வங்கிக் கடனுக்கு நானே சொந்தப் பொறுப்பில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தவணை தவறியதில்லை, வழக்கும் இல்லை. ஆனால் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், நாங்கள் அனுப்பிய ஒரு தொகுதியில் குறை இருப்பதாக மின்னஞ்சலில் முணுமுணுக்கத் தொடங்கியிருக்கிறார்.

இந்தச் சமயம் பார்த்து ‘சொத்துப் பாதுகாப்பு ஆலோசகர்’ ஒருவர் அறிமுகமானார். பசிபிக் கடலில் உள்ள குக் தீவுகளில் ஒரு டிரஸ்ட், அதன் கீழ் ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனி பெயரில் மூன்றாவது நாட்டில் வங்கிக் கணக்கு. சேமிப்பு, பங்குகள், முடிந்தால் வீட்டையும் அதற்குள் கொண்டுபோய்விடலாமாம். மாதிரிப் பத்திரம் ஒன்றும் கொடுத்தார். அதில் டிரஸ்டை ஏற்படுத்தும் செட்லர் நான். சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டியைக் கண்காணிக்கும் புரொடெக்டரும் நானே. பயனாளிகள் நான், மனைவி, பிள்ளைகள். டிரஸ்டியை நினைத்தபோது மாற்றலாம், டிரஸ்டையே ரத்தும் செய்யலாம். “பணம் உங்கள் கையிலேயே இருக்கும், சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் தெரியாது” என்கிறார்.

நன்மைகளை அவரே வேண்டிய மட்டும் சொல்லிவிட்டார். எனக்கு வேண்டியது மறுபக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகப்பிள்ளை

பினாமிக்குக் கோட்டு சூட்டுப் போட்டு விமானத்தில் அனுப்பினால் அதற்குப் பெயர் டிரஸ்ட் போல. சரி, தெரிந்தவர்கள் வரட்டும். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்கிறேன்.

குறுக்குவிசாரணை

பட்டறைக்காரன் சார், ஆலோசகர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே கோளாறு இருக்கிறது. டிரஸ்ட் பாதுகாப்புத் தருவதற்கு இருக்கும் ஒரே காரணம், அந்தச் சொத்து இனி உங்களுடையது அல்ல என்பதுதான். உங்களுடையது அல்லாததை உங்கள் கடனுக்காக எடுக்க முடியாது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம். பணம் உங்கள் கையிலேயே இருக்கிறது என்றால் அந்தக் காரணமே அடிபட்டுப் போகிறது.

நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு மூன்று தீர்ப்புகள் சொல்கிறேன்.

ஒன்று, 2011-இல் கேமன் தீவுகளிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு வந்த மேல்முறையீடு. கேமன், குக் தீவுகள் போன்ற இடங்களுக்கு அதுதான் கடைசி மேல்முறையீட்டு மன்றம். துருக்கி அரசின் வைப்புக் காப்பீட்டு நிதியத்துக்குப் பெரும் தொகை தர வேண்டியிருந்த ஒருவர், கேமனில் இரண்டு டிரஸ்ட் வைத்திருந்தார். உள்ளே இருந்தது ஏறத்தாழ 2.4 கோடி டாலர். பத்திரத்தில் டிரஸ்டை ரத்து செய்யும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார். நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற அதிகாரம் கிட்டத்தட்ட சொத்தேதான் என்றது பிரிவி கவுன்சில். அந்த ரத்து அதிகாரத்தை ரிசீவர்களிடம், அதாவது சொத்தைக் கையில் எடுக்க நீதிமன்றம் நியமிப்பவர்களிடம், ஒப்படைக்கச் சொன்னது. அவர்கள் ரத்து செய்தால் பணம் வெளியே வந்துவிடும். உங்கள் மாதிரிப் பத்திரத்தில் இருப்பதும் அதே அதிகாரம்தான் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு, 2017-இல் லண்டன் உயர் நீதிமன்றம், ரஷ்ய வங்கியாளர் செர்கேய் புகச்சோவ் வழக்கு. நியூசிலாந்தில் ஐந்து டிரஸ்ட், சுமார் 9.5 கோடி டாலர் சொத்து. அவரே புரொடெக்டர், அவரே பயனாளிகளில் ஒருவர், டிரஸ்டியை நீக்கும் அதிகாரமும் அவருக்கே. இத்தனையையும் சேர்த்துப் படித்துவிட்டு, இவர் எதையும் விட்டுக்கொடுக்கவே இல்லை, சொத்து அவருடையதாகவே இருக்கிறது என்று நீதிபதி முடிவு செய்தார்.

மூன்றாவது கொஞ்சம் வேடிக்கை. 2020-இல் வந்த வெப் தம்பதி வழக்கு கிளம்பியதே குக் தீவுகளிலிருந்துதான். கணவன் மனைவி சொத்துப் பிரிப்பு. கணவரே செட்லர், அவரே டிரஸ்டி, அவரே பயனாளி, போதாக்குறைக்கு டிரஸ்டிகளையும் பயனாளிகளையும் மாற்றும் அதிகாரமும் அவரிடம். அவர் எழுதி வைத்தது டிரஸ்டாகவே நிற்காது என்று பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது.

எனவே உங்களிடம் உள்ள பத்திரத்தைப் பொறுத்தவரை, வேறு எந்த ஆபத்தைப் பற்றியும் பேசுவதற்கு முன்பே அது படுத்துவிடுகிறது.

அரண்

குறுக்குவிசாரணை ஐயா சொல்வதெல்லாம் மோசமாக எழுதப்பட்ட பத்திரங்கள். ஒழுங்காக எழுதினால் கதை வேறு. இந்தத் துறையை நெருக்கமாகப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

குக் தீவுகளின் சர்வதேச டிரஸ்ட் சட்டம் 1984-இல் வந்தது. 1989 திருத்தத்துக்குப் பிறகுதான் சொத்துப் பாதுகாப்புக்கென்றே அது பெயர் வாங்கியது. வெளிநாட்டுத் தீர்ப்பை அந்த டிரஸ்டுக்கு எதிராக அங்கே நிறைவேற்ற முடியாது. கடன் கொடுத்தவர் அங்கே போய்ப் புதிதாக வழக்குப் போட வேண்டும். அவரை ஏமாற்றத்தான் சொத்து மாற்றப்பட்டது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி, கிரிமினல் வழக்கில் நிரூபிப்பது போல நிரூபிக்க வேண்டும். வழக்குக் காரணம் ஏற்பட்டு இரண்டு ஆண்டு கடந்தபின் மாற்றிய சொத்தைத் தொட முடியாது. அதற்குள் மாற்றியிருந்தாலும் ஓராண்டுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். கரீபியன் கடலில் உள்ள நெவிஸ் தீவில் வழக்குப் போடுவதற்கு முன்பே பிணைத்தொகை கட்டச் சொல்வார்கள்.

இத்தனை தடை தாண்டி எத்தனை பேர் வருவார்கள்? பெரும்பாலானவர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு சமரசத்துக்கு வந்துவிடுவார்கள். இதன் பயனே அதுதான். ஆண்டர்சன் வழக்கில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே குக் தீவு நீதிமன்றத்தில் ஜெயிக்க முடியாமல் கடைசியில் சமரசம்தான் செய்தது. அதையும் எழுதுங்கள்.

குறுக்குவிசாரணை

எழுதுகிறேன். ஆனால் முழுக் கதையையும் எழுதுகிறேன், அரண்.

ஆண்டர்சன் தம்பதி 1995-இல் குக் தீவுகளில் டிரஸ்ட் போட்டார்கள். அங்குள்ள டிரஸ்ட் கம்பெனியோடு தாங்களும் இணை டிரஸ்டிகள், கூடவே புரொடெக்டர்கள். தொலைபேசி வழியே முதலீடு திரட்டிய ஒரு திட்டத்தில் பங்கெடுத்தார்கள். அது புதுப் பணத்தை வாங்கிப் பழையவர்களுக்குக் கொடுக்கும் மோசடி என்று 1998-இல் வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. வெளிநாட்டில் உள்ள பணத்தைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று நெவாடா நீதிமன்றம் உத்தரவிட்டது. தம்பதியும் டிரஸ்ட் கம்பெனிக்கு எழுதினார்கள். பத்திரத்தில் நிர்ப்பந்தப் பிரிவு என்று ஒன்று இருக்கும். செட்லரை நீதிமன்றம் நெருக்கினால் அவருடைய அதிகாரங்கள் தானாக அற்றுப்போகும். அந்தப் பிரிவைக் காட்டி, நீங்கள் இனி டிரஸ்டிகள் அல்ல, பணம் தர முடியாது என்று பதில் வந்தது. பத்திரம் எழுதியவர் திட்டமிட்டபடியே எல்லாம் நடந்தது.

நடந்ததா? அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போய், எங்களால் முடியவில்லை ஐயா என்று நீதிபதியிடம் நின்றார்கள். அவர் இருவரையும் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்கு அனுப்பினார். ஏறத்தாழ ஆறு மாதம் உள்ளே இருந்தார்கள். 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சரிதான் என்றது. அந்த முடியாமையை உண்டாக்கி வைத்ததே நீங்கள்தான், அதையே சாக்காகச் சொல்ல முடியாது என்பது சாரம். இதே டிரஸ்டிலிருந்து வரி கட்டுவதற்காக முன்பு 10 லட்சம் டாலருக்கு மேல் எடுத்திருக்கிறீர்களே, அப்போது மட்டும் எப்படி முடிந்தது என்பதும் தீர்ப்பில் வருகிறது. சமரசம் நடந்தது உண்மை. சிறை அதற்கு முன்பே முடிந்திருந்தது.

ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கு இதைவிடக் கடுமை. பங்குச் சந்தை வியாபாரி. ஒரு தரகு நிறுவனத்துக்கு 2.04 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று மத்தியஸ்தத் தீர்ப்பு வருவதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்னால், 70 லட்சம் டாலரை வெளிநாட்டு டிரஸ்டில் போட்டார். அது பிறகு மொரீஷியசுக்குப் போனது. அப்புறம் தன்னையே பயனாளி பட்டியலிலிருந்து விலக்கும்படி பத்திரத்தைத் திருத்திக்கொண்டார். புளோரிடா நீதிபதி இதை நம்பவில்லை. 1999-இல் சிறைக்குப் போனவர் 2006 டிசம்பரில்தான் வெளியே வந்தார்.

தீவின் சட்டம் பணத்தைத்தான் காக்கிறது. நீங்கள் வசிக்கும் ஊர் நீதிபதி பணத்தைத் தேடி அந்தத் தீவுக்குப் போக வேண்டியதே இல்லை. அவருக்கு எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

சந்தேகப்பிள்ளை

பணம் கடற்கரையில், முதலாளி கம்பிக்குள். நல்ல ஏற்பாடு.

பட்டறைக்காரன்

மிக்க நன்றி ஐயா. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஆண்டர்சன் தம்பதி மோசடிக்காரர்கள், லாரன்ஸ் கடைசி நேரத்தில் பணத்தை ஒளித்தவர். நான் யாரையும் ஏமாற்றவில்லை. என் மீது வழக்கே இல்லை. யோக்கியன் முன்கூட்டியே செய்து வைத்தால் அதுவும் குற்றமா?

மறுதரப்பு

நான் உங்களுக்கு எதிர் வரிசையில் உட்காருகிறவன். கடன் கொடுத்தவர்கள் சார்பில், வாங்கியவரின் சொத்து எங்கே போயிற்று என்று தேடிக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. எனவே என் பார்வை ஒருபக்கமாக இருக்கலாம்.

முன்கூட்டி என்கிறீர்களே, எதற்கு முன்கூட்டி என்பதுதான் கேள்வி. வழக்கு எண் விழுந்த தேதியை நாங்கள் பார்ப்பதில்லை. தகராறு வரப்போகிறது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று பார்ப்போம். அந்த வாடிக்கையாளரின் முணுமுணுப்பு மின்னஞ்சலில் தேதி இருக்கும். டிரஸ்ட் பத்திரத்திலும் தேதி இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் வைத்து நீதிபதியிடம் கொடுத்தால் அதற்கு மேல் நான் பேச வேண்டியதில்லை.

காலக்கெடு குறித்தும் தீவின் ஓராண்டு, இரண்டாண்டை நம்பிவிடாதீர்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டம் வேறு கணக்குப் போடும். அமெரிக்கத் திவால் சட்டத்தில் 2005 திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் தானே பயனாளியாக இருக்கும் டிரஸ்டுக்கு ஏமாற்றும் நோக்கத்தோடு மாற்றிய சொத்தைப் 10 ஆண்டு பின்னோக்கிப் போய்க் கேட்கலாம். இங்கிலாந்தில் 1986-ஆம் ஆண்டின் திவால் சட்டம் 423-ஆம் பிரிவுக்கு நீங்கள் திவால் ஆகியிருக்க வேண்டியதே இல்லை. கடன் கொடுத்தவருக்கு எட்டாமல் வைப்பதற்காக இனாமாகவோ குறைந்த விலைக்கோ மாற்றினீர்கள் என்றால் போதும். உங்கள் ஆலோசகரின் விளம்பரத் தாளில் ‘கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்களே, அதைத்தான் நாங்கள் முதல் ஆவணமாக இணைப்போம். உங்கள் நோக்கத்தை நீங்களே காசு கொடுத்து அச்சடித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது யாரும் கேட்காத ஒன்று. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டபோது வங்கி உங்கள் சொத்துப் பட்டியலை வாங்கியிருக்கும். வீடு இவ்வளவு, வைப்பு இவ்வளவு, பங்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதை நம்பித்தான் கடன் கொடுத்தார்கள். அந்தச் சொத்தை டிரஸ்டுக்குள் நகர்த்தினால் இரண்டு வம்பு. பல ஜாமீன் பத்திரங்களில், வங்கியின் ஒப்புதல் இல்லாமல் சொத்தைக் கைமாற்றக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். மாற்றினால் தவணை தவறாவிட்டாலும் கடன் முழுவதையும் உடனே கட்டச் சொல்லலாம். அடுத்து, புதுப்பிக்கும்போது மறுபடி பட்டியல் கேட்பார்கள். டிரஸ்டில் உள்ளதை உங்கள் சொத்து என்று எழுதினால், அது என்னுடையது அல்ல என்ற உங்கள் வாதத்தை நீங்களே கிழித்துப் போடுகிறீர்கள். எழுதாவிட்டால் உங்கள் மதிப்பு சரிந்துவிட்டது, கடன் கிடைக்காது. இந்தப் பட்டியலை நான் எத்தனையோ வழக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். அது வந்த பிறகு எதிர்த்தரப்பு வக்கீலின் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக: நிலமும் கட்டடமும் எங்கும் போகாது. அது இருக்கும் ஊர் நீதிமன்றத்துக்குத்தான் அதன் மீது அதிகாரம். பெயரை எந்தத் தீவுக்கு மாற்றினாலும் ஜப்தி அமீனா வருவது வீட்டு வாசலுக்கு.

அரண்

வீடு விஷயத்தில் மறுதரப்பு சொல்வதை ஏற்கிறேன். அசையாச் சொத்தை உள்ளே போடச் சொல்கிறவரிடம் கவனமாக இருங்கள். மற்றபடி, பிரச்சினையே இல்லாத காலத்தில், சொத்தில் ஒரு பகுதியை மட்டும், சுதந்திரமான டிரஸ்டி, சுதந்திரமான புரொடெக்டர் வைத்து, உண்மையிலேயே விட்டுக்கொடுத்துச் செய்தால் அது நிற்கும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தீவுத்தபால்

அரண் அண்ணா சொன்ன அந்த ‘உண்மையிலேயே விட்டுக்கொடுத்து’ என்பதைப் பற்றி நான் பேசலாம் என்று நினைக்கிறேன். சில ஆண்டுகள் ஒரு டிரஸ்ட் கம்பெனியில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர்களின் பணக் கோரிக்கைகள் என் மேசைக்குத்தான் வரும்.

செட்லர் ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் பணம்தானே என்று ஒரு வரி மின்னஞ்சல் போடுவார்: “இந்தத் தொகையை இந்தக் கணக்குக்கு இன்றே அனுப்பவும்.” அந்த மின்னஞ்சலை நாங்கள் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. கட்டளை மாதிரி ஒரு கடிதம் கோப்பில் இருந்தால், பின்னாளில் அதைக் காட்டி டிரஸ்டி வெறும் பொம்மை என்று எவரும் வாதாடலாம். எனவே அவரைக் கூப்பிட்டு, மகளே பயனாளி என்ற முறையில் டிரஸ்டியின் பரிசீலனைக்கு விண்ணப்பம் எழுதட்டும் என்போம். கல்லூரியின் கட்டணச் சீட்டு, மகளின் கடவுச்சீட்டு நகல், முகவரிச் சான்று எல்லாம் வேண்டும். கடவுச்சீட்டு காலாவதியாகியிருக்கும், புதுசு அனுப்பச் சொல்வோம். அதற்குப் பிறகு இரண்டு இயக்குநர்கள் கூடித் தீர்மானம் எழுத வேண்டும், பெயர்களைத் தடைப்பட்டியலோடு ஒப்பிட வேண்டும். எல்லாம் முடிந்து வங்கிக்குப் போனால் அங்கிருந்து ஒரு கேள்வி வரும்: இந்தச் சொத்தின் மூலாதாரம் என்ன, பழைய கணக்கறிக்கை அனுப்புங்கள் என்று. கல்லூரியின் கடைசித் தேதி அதற்குள் போயிருக்கும். செட்லர் தொலைபேசியில் கத்துவார், என் காசுக்கு நான் ஏன் பிச்சை எடுக்க வேண்டும் என்று. அவருக்கு எங்களால் சொல்லக்கூடிய நேர்மையான பதில் ஒன்றுதான், ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்: ஐயா, அது உங்கள் காசு இல்லை.

இதில் ஒவ்வொரு படிக்கும் கட்டணம் உண்டு. தொடக்கச் செலவு பல ஆயிரம் டாலர், ஆண்டுக் கட்டணம் தனி, கம்பெனிக்குத் தனி, தீர்மானத்துக்குத் தனி, மணிக்கணக்கு வேலைக்குத் தனி. டிரஸ்டி மீது எவராவது வழக்குப் போட்டால் டிரஸ்டியின் வக்கீல் செலவும் பெரும்பாலும் டிரஸ்ட் பணத்திலிருந்துதான். குழப்பம் வந்தால் அந்த ஊர் நீதிமன்றத்திடம் வழி கேட்டு மனுப் போடுவார்கள், அதற்கும் உங்கள் டிரஸ்ட்தான் பணம் கட்டும். வங்கி ஒருநாள் இந்த மாதிரிக் கணக்குகளே வேண்டாம் என்று கடிதம் அனுப்பும். காரணம் சொல்ல மாட்டார்கள். புது வங்கி தேடும்வரை பணம் அந்தரத்தில்.

இன்னொன்று, டிரஸ்டி தவறு செய்தால் பொறுப்பேற்பார் என்று நினைக்காதீர்கள். பத்திரத்திலேயே அவர் தன்னைக் காத்துக்கொண்டிருப்பார். ஹாங்காங்கின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் கொடுத்த தீர்ப்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஜெர்சி டிரஸ்ட், கீழே ஒரு கம்பெனி, முதலீட்டு முடிவுகளைச் செட்லரின் மனைவியே எடுத்தார். 2008 நெருக்கடியில் பெருத்த நஷ்டம். டிரஸ்டி தடுத்திருக்க வேண்டாமா என்று குடும்பம் டி.பி.எஸ் வங்கியின் டிரஸ்ட் கம்பெனி மீது வழக்குப் போட்டு, கீழ் நீதிமன்றங்களில் ஜெயித்தது. கடைசியில் தோற்றது. கம்பெனியின் நிர்வாகத்தில் டிரஸ்டி தலையிட வேண்டியதில்லை என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்தப் பிரிவு செல்லும் என்றது நீதிமன்றம்.

ஆக அண்ணா, கையை விட்டால் முன்பின் தெரியாத கம்பெனியிடம் மொத்தமும் போகிறது. விடாவிட்டால் குறுக்குவிசாரணை ஐயா சொன்ன தீர்ப்புகள் காத்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் வசதியான ஓர் இடம் இருப்பதாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். நான் அங்கே இருந்த காலத்தில் அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

குறுக்குவிசாரணை

தீவுத்தபால் அம்மா சொன்ன அந்த ஒரு வரி மின்னஞ்சல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2022 நவம்பரில் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவைப் பாருங்கள். சௌத் பியூட்டி உணவக நிறுவனத்தைத் தொடங்கிய சீனத் தொழிலதிபர் ஜாங் லான். அவருடைய குடும்ப டிரஸ்டின் கீழ் இருந்த கம்பெனியின் வங்கிக் கணக்குகள் மீது ரிசீவர்களை நியமித்தார்கள். பத்திரம் என்ன சொல்கிறது என்பதோடு நிற்கவில்லை, அவர் எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்தார்கள். அந்தப் பணத்தைச் சொந்தக் காரியங்களுக்கு எடுத்திருக்கிறார், முடக்க ஆணை வரும் நேரத்தில் பணத்தை நகர்த்தியிருக்கிறார். உண்மையான உடைமையாளர் அவர்தான் என்று முடிவு செய்தார்கள். பத்திரத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல்கள் அதைக் கவிழ்த்துவிடும்.

கணக்குப்பிள்ளை

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். வரி விஷயத்தை யாரும் தொடவில்லையே.

முதலில், வரி மிச்சமாகும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். பெரும்பாலான நாடுகளில் செட்லரே பயனாளியாக இருந்தால் வருமானம் அவருடையதாகவே கணக்கிடப்படும். அமெரிக்காவில் வசிப்பவர் போட்ட வெளிநாட்டு டிரஸ்டில் ஓர் அமெரிக்கப் பயனாளி இருந்தால் போதும், டிரஸ்டின் வருமானம் செட்லரின் வரிக்கணக்கில் வரும். வரி குறையாது, படிவம்தான் கூடும்.

படிவம் என்றால் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 3520 என்று ஒன்று, 3520-ஏ என்று ஒன்று. டிரஸ்டுக்குச் சொத்து மாற்றியதைத் தெரிவிக்காமல் விட்டால் மாற்றிய மதிப்பில் 35% அல்லது 10,000 டாலர், எது அதிகமோ அது அபராதம். ஆண்டறிக்கை தவறினால் உங்களுடையதாகக் கருதப்படும் சொத்தில் 5%. ஒரு பைசா வரி பாக்கி இல்லாவிட்டாலும் இந்த அபராதம் உண்டு. இந்தியாவில் வசிப்பவராக இருந்தால் 2015-ஆம் ஆண்டின் கருப்புப் பணச் சட்டம். கணக்கில் காட்டாத வெளிநாட்டுச் சொத்துக்கு 30% வரி, அதற்கு மேல் அந்த வரியைப் போல மூன்று மடங்கு அபராதம். கூட்டிப் பாருங்கள், சொத்தின் மதிப்பையே தாண்டிவிடும். நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்களோ அந்த நாட்டு விதியைத் தெரிந்த தணிக்கையாளரிடம் போங்கள். தீவுக்காரர்களிடம் கேட்காதீர்கள். அவர்கள் தங்கள் ஊர் வரியை மட்டும்தான் பூஜ்யம் என்பார்கள்.

சந்தேகப்பிள்ளை

கணக்குப்பிள்ளை ஐயா, இதெல்லாம் சர்க்காருக்குத் தெரிந்தால்தானே? ரகசியம்தானே இதன் பெரிய லட்சணம்?

கணக்குப்பிள்ளை

அந்தக் காலம் போய்விட்டது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி அமைப்பு 2014-இல் கொண்டுவந்த தகவல் பரிமாற்ற ஏற்பாட்டின்படி 2017 முதல் நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களை ஒன்றுக்கொன்று தானாகவே அனுப்புகின்றன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் அதில் இருக்கின்றன, குக் தீவுகள் உட்பட. டிரஸ்ட் என்றால் செட்லர், டிரஸ்டி, புரொடெக்டர், பயனாளி எல்லார் பெயரும் போகும். உண்மையில் யார் கட்டுப்படுத்துகிறார் என்று பார்ப்பதில்லை, செட்லர் என்றாலே போதும். அமெரிக்கா இதில் இல்லை, அமெரிக்கர்களின் வெளிநாட்டுக் கணக்கு விவரங்களை வாங்க அதற்கு 2010 முதல் தனியாக ஃபாட்கா சட்டம் இருக்கிறது.

அதிகாரபூர்வமாகப் போகாதது கசிந்து போகும். 2016-இல் பனாமா ஆவணங்கள். 2021 அக்டோபரில் பண்டோரா ஆவணங்கள், வெளிநாட்டு டிரஸ்ட், கம்பெனி அமைத்துத் தரும் 14 சேவை நிறுவனங்களிலிருந்து 1.19 கோடி ஆவணம். அந்த 14-இல் ஏஷியாசிட்டி டிரஸ்டும் ஒன்று. மேலே ஆண்டர்சன் தம்பதியை டிரஸ்டி பதவியிலிருந்து நீக்கிவிட்டுப் பணம் தர முடியாது என்று எழுதியதாகச் சொன்னார்களே, அந்தக் கம்பெனிதான்.

மல்லிகைப்பந்தல்

எல்லாரும் வங்கியையும் வாடிக்கையாளரையும் பற்றியே பேசுகிறீர்கள். பத்திரத்தில் மனைவி பெயரும் இருக்கிறதே, அவரிடம் சொல்லியாயிற்றா, பட்டறைக்காரன் சார்? குடும்பத்துக்குள் பிணக்கு வந்தால் இதே டிரஸ்ட் நடுவில் வந்து நிற்கும். இங்கிலாந்தில் சார்மன் விவாகரத்து வழக்கில், 2007-இல், பெர்முடா டிரஸ்டில் இருந்த பணத்தையும் கணவரின் வசதியாகச் சேர்த்துத்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் கணக்குப் பார்த்தது. மனைவிக்குக் கிடைத்தது 4.8 கோடி பவுண்டு.

நீங்கள் திடீரென்று இல்லாமல் போனால் யார் அந்தத் தீவுக் கம்பெனியோடு மல்லுக்கட்டுவது என்றும் யோசியுங்கள். கணக்கு எங்கே, யாரைக் கூப்பிட வேண்டும் என்றே வீட்டில் தெரியாமல் இருக்கும்.

பட்டறைக்காரன்

மனைவியிடம் நேற்றுத்தான் சொன்னேன், மல்லிகைப்பந்தல் மேடம். உங்கள் பதிவையும் காட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத விருப்பமில்லை.

எல்லாருக்கும் நன்றி. ஆலோசகருக்கு இதையெல்லாம் வைத்து எழுதிக் கேட்டேன். புரொடெக்டராக வேறொருவரைப் போடலாம், ரத்து அதிகாரத்தை எடுத்துவிடலாம் என்று உடனே சம்மதித்துவிட்டார். அவ்வளவு சுலபமாக மாற்றக்கூடியதை முதலிலேயே ஏன் வைத்தார் என்று தெரியவில்லை. நீதிமன்றம் பணத்தைத் திருப்பச் சொன்னால் நான் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதிலே இல்லை, “அந்த அளவுக்குப் போகாது” என்கிறார்.

புதிதாக ஒரு தாள் அனுப்பியிருக்கிறார். கடன் தீர்க்கும் சக்தி எனக்கு இருக்கிறது என்று நான் செய்ய வேண்டிய சத்தியப் பிரமாணம். அதில் ஒரு பத்தி: நிலுவையில் உள்ள, அல்லது வரக்கூடும் என்று எனக்குத் தெரிந்த உரிமைக் கோரிக்கைகள் அனைத்தையும் குறிப்பிடவும். வாடிக்கையாளரின் மின்னஞ்சலை அங்கே எழுத வேண்டுமா என்று கேட்டால், “வழக்கு இல்லையே, அதைக் காலியாக விடுங்கள்” என்கிறார். விடலாமா?

தீவுத்தபால்

விடாதீர்கள். அந்தத் தாள் உங்களுக்காக எழுதப்பட்டதில்லை, டிரஸ்டி தன்னைக் காத்துக்கொள்ள வாங்குவது. பின்னால் தகராறு வந்தால், இவர் எங்களிடம் பொய்ச் சத்தியம் செய்தார் என்று அதைக் காட்டிவிட்டு விலகிக்கொள்வார்கள். உண்மையை எழுதினாலோ, நான் பார்த்தவரை உருப்படியான கம்பெனி எதுவும் இந்த நிலையில் உங்களை எடுத்துக்கொள்ளாது. காலியாக விட்டதைக் கண்டுகொள்ளாமல் எடுத்துக்கொள்கிற கம்பெனியிடம் உங்கள் வாழ்நாள் சேமிப்பைக் கொடுப்பீர்களா?

அரண்

இதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. காலியாக விடச் சொன்னவரை விட்டு விலகுங்கள். தகராறு கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் நானும் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

மறுதரப்பு

பட்டறைக்காரன் சார், எதிர் வரிசைக்காரன் இலவசமாக ஒரு யோசனை சொல்கிறேன். உதிரிபாகம் செய்கிற நிறுவனம் என்றால் பொருள் குறைபாட்டுக்கான பொறுப்புக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். அந்தப் பாலிசியை எடுத்துப் படியுங்கள். வழக்கு வந்த பிறகு மட்டுமல்ல, உரிமைக் கோரிக்கை எழக்கூடிய சூழ்நிலை தெரிந்த உடனேயே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று பலவற்றில் நிபந்தனை இருக்கும். தாமதித்தால் அதையே காரணம் காட்டிக் கையை விரிப்பார்கள். வாடிக்கையாளரின் மின்னஞ்சலை இணைத்து இன்றே அனுப்பிவிடுங்கள். வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவதற்கு முன் அனுப்புங்கள், ஏனென்றால் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் நீங்கள் தவறை ஒப்புக்கொண்டாலும் அவர்கள் தர மறுக்கலாம்.

பட்டறைக்காரன்

பாலிசி இருக்கிறது, படித்ததில்லை. இப்போதுதான் எடுத்து வைத்தேன். அறிவிக்க வேண்டிய முகவரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கடிதத்தில் குறையை விவரிக்கலாமா, அல்லது வாடிக்கையாளர் எழுதியதை மட்டும் இணைத்தால் போதுமா?

மறுதரப்பு

அவர் எழுதியதை மட்டும் இணையுங்கள். எந்தத் தொகுதி, அனுப்பிய தேதி, மின்னஞ்சல் வந்த தேதி, இவை போதும். குறை இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்.